சும்மா படுத்திருந்தாலும் மீட்டர் ஓடும்

மத்தியானம் சாப்ட்டுட்டு ஃபேனைப் பாத்துக்கிட்டு படுத்திருக்கோம், எதையும் யோசிக்கல, சரி மூளை ரெஸ்ட் எடுக்குதுன்னு நினைப்போம். எங்க! உடம்பு எடையில வெறும் 2 சதவீதம்தான் இருக்கும் அது, ஆனா நாம அசையாம கிடக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது ஒண்ணே முழுங்கிடுது. நிமிஷத்துக்கு சுமார் முக்கால் லிட்டர் ரத்தம் அதுக்குப் போயாகணும், கையிருப்புன்னு பெருசா எதுவும் கிடையாது, ரத்தம் சுத்தமா நின்னுபோச்சுன்னா பத்து செகண்ட்ல ஆள் மயக்கம்.

அப்போ மண்டையை உடைச்சிக்கிட்டு கணக்கு போட்டா செலவு எகிறணும்ல? 1955-ல அமெரிக்காவுல லூயிஸ் சோகலாஃபும் சீமோர் கெட்டியும் இன்னும் சிலரும் இதை அளந்து பாத்தாங்க. ஆளைப் படுக்க வச்சு, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடு கலந்த காத்தை இழுக்க விட்டு, தமனியில ஒரு ஊசி, மூளையில இருந்து ரத்தம் இறங்கி வர்ற கழுத்து ரத்தக் குழாய்ல ஒரு ஊசி, ரெண்டு பக்கமும் அந்த வாயு எவ்ளோ இருக்குன்னு பாத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கு பண்றது. இந்த நிலைமையில மனக்கணக்கு வேற போடச் சொன்னா பாவம் அந்த ஆளு. ரிசல்ட் என்னன்னா, மூளை மொத்தமா இழுக்குற ஆக்சிஜன்ல மாத்தமே இல்ல!

அப்புறம் வந்த ஸ்கேன்கள்ல ஒவ்வொரு இடமா பாத்தப்போ வேலை செய்யற பகுதியில ஏத்தம் இருக்கத்தான் செய்யுது, ஆனா சக்தி செலவுல அது பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் கீழ. மிச்சம்லாம் எப்பவும் ஓடிக்கிட்டிருக்குற செலவு. நியூரான்கள், அதாவது மூளையோட நரம்பு செல்கள், தங்களுக்குள்ள சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவையும் சோடியம் உள்ள வந்துடுது, அதை வெளிய தள்ள செல்லைச் சுத்தியிருக்குற சவ்வுல இருக்குற பம்பு நிக்காம இறைச்சிக்கிட்டே இருக்கணும், மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்க செல்லோட எரிபொருளான ஏடிபி ஒண்ணு காலி.

இதுல ரத்தம் எப்படி வருதுங்கறதுதான் சுவாரசியம். நியூரான்கள் கூடுதலா வேலை செஞ்சா பக்கத்துல இருக்குற குட்டி ரத்தக் குழாய்க்கு நைட்ரிக் ஆக்ஸைடு மாதிரி சில கெமிக்கல் மூலமா தகவல் போகுது, குழாய் விரியுது, ரத்தம் பாயுது. ஆனா லேட்டா, உச்சத்துக்கு வர அஞ்சாறு செகண்ட் ஆகும். லேட்டா வந்தாலும் தாராளமா வரும். 1988-ல பீட்டர் ஃபாக்ஸ், மார்கஸ் ரெய்க்லே குழு கண்ணுக்கு ஒரு காட்சியைக் காட்டி அளந்தப்போ பார்வைப் பகுதியில ரத்த ஓட்டம் 50 சதவீதம் ஏறியிருந்துச்சு, ஆக்சிஜன் செலவு ஏறுனது 5 சதவீதம்தான். அதனால அங்கிருந்து திரும்பற ரத்தத்துல ஆக்சிஜன் மிஞ்சுது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்கு லேசா காந்த குணம் உண்டு, அது குறைஞ்சா எம்ஆர்ஐ சிக்னல் கொஞ்சம் கூடும். 1990-ல செய்ஜி ஒகாவா பிடிச்ச நூல் இதுதான், மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு படம் பிடிக்குற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் அதுலதான் நிக்குது. அதாவது அந்தக் கலர் கலர் படத்துல நாம பாக்கறது ரத்தத்தை, நியூரானை இல்ல.

அடுத்து அமெரிக்காவுல விஸ்கான்சின்ல மாணவரா இருந்த பரத் பிஸ்வால். ஆள் சும்மா படுத்திருக்கும்போதும் இந்த எஃப்எம்ஆர்ஐ சிக்னல் மெதுவா ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், ஒரு அலை முடிய பத்து செகண்டுக்கு மேல, சிலது நூறு செகண்ட் வரைக்கும் இழுக்கும். எல்லாரும் இரைச்சல்னு ஒதுக்குன விஷயம். இவரு முதல்ல விரலைத் தட்டச் சொல்லி கையை அசைக்குற பகுதி எதுன்னு குறிச்சிக்கிட்டாரு, அப்புறம் விரலே அசையாம எடுத்த ஸ்கேன்ல அதே இடத்தைப் பாத்தாரு. மூளையோட இடப்பக்கம் ஏறும்போது வலப்பக்கமும் ஏறுது, இறங்கும்போது அதுவும் இறங்குது, கை ரெண்டும் சும்மா கிடக்கும்போதே! 1995-ல பேப்பர் வந்தப்போ நிறைய பேரு நம்பல, இதயத்துடிப்பு மூச்சுன்னு ஏதாவது கலந்திருக்கும்னாங்க. 2001-ல ரெய்க்லே குழு, நாம வேலையில இறங்குனா அடங்கி சும்மா இருந்தா எகிறுற பகுதிகளுக்கு டீஃபால்ட் மோட்னு பேர் வச்சதுக்கப்புறம் ஆளாளுக்கு இதுல இறங்கிட்டாங்க. பகல் கனவுதான் காரணம்னும் சொல்லிட முடியாது, மயக்க மருந்து குடுத்த குரங்குகள்லயும் இந்த ஒத்திசைவு தெரிஞ்சுது.

சந்தேகப்பட்டவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மூச்சை ரெண்டு தடவை ஆழமா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு மூளைக் குழாய் சுருங்கும், ஒரு கப் காபி குடிச்சிட்டு ஸ்கேனுக்குள்ள போனாலும் சுருங்கும், நியூரான்கள் பழையபடியே பேசிக்கிட்டிருந்தாலும் படம் மாறிடலாம்.