90 வெள்ளி ரோட் பைக்: காசைக் கொடுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்

போன வாரமும் என் சைக்கிள் கடைக்கு ஒரு தம்பி வந்தார். தங்கும் விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வர சைக்கிள் வேண்டும் என்று பழைய பொருள் விற்கும் கேரோசெல் செயலியில் தேடி, சிங்கப்பூரின் பூன் லே பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே போய் 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருக்கிறார். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், ஃப்ரேம் முழுக்கப் பெரிய எழுத்து. “காத்தடிச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டா போதும்னு வித்தவர் சொன்னாரு அண்ணே” என்றார். என் கண் நேராக முன் வீலைப் பிடித்திருக்கும் போர்க்குக்குத்தான் போனது. அது பின்புறமாகத் திரும்பியிருந்தது. முன்பக்கம் இருக்க வேண்டிய பிரேக், ஃப்ரேமின் கீழ்க்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே சைக்கிளைக் கனரக லாரிகள் போகும் சாலையில் ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார்.

போர்க்கைத் திருப்பிப் பிரேக் கேபிளைச் சரியாக விட அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் போர்க்கையே பின்பக்கமாக மாட்டியவர் மற்றதையெல்லாம் எப்படி மாட்டியிருப்பார்? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. இதே மாதிரி சைக்கிள்கள் தொடர்ந்து என் கடைக்கு வருகின்றன. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு என்பதால் எனக்குக் கோபமும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

எந்த சைக்கிளைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மளிகை, மின்விசிறி, துணிமணி எல்லாம் விற்கும் பெரிய கடைகளிலும், இப்போது இணையக் கடைகளிலும் அட்டைப்பெட்டியில் வரும் ரோட் பைக். புதிதாகவே 200, 250 வெள்ளிக்குக் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பந்தய சைக்கிள்தான். தூக்கிப் பார்த்தால் 14, 15 கிலோ இருக்கும். சைக்கிள் நிறுவனங்களின் ஆரம்பநிலை ரோட் பைக் 10, 11 கிலோவில் நிற்கும். வித்தியாசம் எடையில் மட்டும் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். எடைக்கு உங்கள் கால் வேலை செய்யும். பிரேக் பிடிக்காததற்கு உங்கள் கால் எதுவும் செய்ய முடியாது.

பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வருவதை யாராவது ஒருவர் முழுசாகப் பூட்ட வேண்டும். அதற்கு எல்லா இடத்திலும் மெக்கானிக் இருப்பதில்லை. வீலின் நடுவே இருக்கும் ஹப்பில் கிரீஸ் போதாமல் இருக்கும், பால்ரஸ் (குண்டுகள் உருளும் தாங்கி) இறுக்கமாக இருக்கும், ஸ்போக் கம்பிகள் ஒன்று விறைப்பாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருக்கும். முதல் உரிமையாளர் இதையெல்லாம் சரி பார்க்காமல் சில மாதம் ஓட்டி, பிறகு வீட்டு நடைபாதையில் வருஷக்கணக்கில் நிறுத்திவிடுவார். மழைச்சாரல் அடிக்கும். வீடு மாறும்போது “கொஞ்சம்தான் ஓட்டியது” என்று விளம்பரம் வரும். ஓட்டாமல் நின்ற சைக்கிள் நல்ல சைக்கிள் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நின்றே கேபிள் துருப்பிடிக்கும், டயர் ரப்பர் வெடிக்கும், அலுமினிய சீட் போஸ்ட் இரும்பு ஃப்ரேமுக்குள் இறுகிப்போகும். அப்படி இறுகியதைக் கழற்ற நாங்கள் படும் பாடு வேறு கதை.

இப்போது என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் நினைப்புக்கு வருகிறேன். “இப்போதைக்கு மலிவா ஒண்ணு வாங்கிக்கிறேன், அப்புறம் ஒவ்வொரு பார்ட்ஸா மாத்திக்கிறேன்.” இளைஞர்கள், குடும்பஸ்தர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தயவுசெய்து ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய ரோட் பைக்குக்குப் பெரும்பாலும் உடனே தேவைப்படுவது இவை: டயர் இரண்டு, சுமார் 50 வெள்ளி. டியூப் இரண்டு, 16. பிரேக் ஷூவும் கேபிளும் கூலியோடு 40. செயினும் பின் பல்சக்கரமான பிரீவீலும் 50. இரண்டு வீலுக்கும் கோட்டம் எடுக்க 40. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். ஆக 196 வெள்ளி. சைக்கிளின் 90-ஐயும் சேர்த்தால் 286. மறுநாள் நீங்கள் அதை விற்கப் போனால், வாங்குபவர் அதே 90-தான் கொடுப்பார், ஏனென்றால் ஃப்ரேமில் இருக்கும் பெயர் மாறவில்லை. பெடல் அச்சு ஆடுகிறது என்றால் கணக்கு 300-ஐத் தாண்டிவிடும்.

இது ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர மட்டும். “மாத்திக்கிறேன்” என்று சொல்பவர்கள் நினைப்பது இதை அல்ல. பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதி வேண்டும் என்பார்கள். சரி, பார்ப்போம். இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் பின்னால் 7 கியர், அதுவும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகும் பிரீவீல். கியர் மாற்றுவது ஹேண்டிலின் நடுவே இருக்கும் திருகு பிடியோ, கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலோ. பழையதாகக் கிடைக்கும் ரோட் பைக்குகளில், கியரும் பிரேக்கும் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வரிசை கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று மேலே போகும். அதற்குக் கீழே இருப்பது டூர்னி. கிளாரிஸ் 8 கியர். அதை மாட்ட வேண்டுமானால் பிடிகள் இரண்டும் புதிது, பின் கியர் புதிது, செயின் புதிது, கேபிள் புதிது. 8 கியர் கேசட், அதாவது ஹப்பில் சொருகும் பல்சக்கரத் தொகுதி, உங்கள் மரை ஹப்பில் உட்காராது, அதனால் பின் வீலே புதிது. புது வீலின் ஹப் 130 மில்லிமீட்டர் அகலம் கேட்கும். உங்கள் ஃப்ரேம் அதைவிடக் குறுகலாக இருந்தால் அங்கேயும் சிக்கல். இவ்வளவு பொருளின் விலைக்கு, கிளாரிஸ் பூட்டிய முழு சைக்கிளே பழையதாகக் கிடைக்கும். இதைச் சொன்னால் “பாகம் பாகமா வாங்கினா சுமை தெரியாதே” என்கிறார்கள். தெரியாதுதான். மொத்தமாகக் கூட்டினால் தெரியும். அத்தனையும் மாற்றிய பிறகும் ஃப்ரேமும் போர்க்கும் பழையவைதானே? உங்கள் உடம்பைத் தாங்குவது அவைதான்.

அந்த மரை ஹப் விஷயத்தில் இன்னொன்று. அதில் வலப்பக்க பால்ரஸ் ஃப்ரேமிலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும், அச்சின் முனைக்குத் தாங்கல் கிடையாது. கனமான ஆள், பை நிறைய சாமான், நடைபாதை விளிம்பில் இறக்கி ஏற்றுவது, இவையெல்லாம் சேர்ந்தால் அச்சு வளையும், சில நேரம் உடையும். உடைந்த அச்சுகள் என் மேசை இழுப்பறையில் நிறையக் கிடக்கின்றன.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். விற்பவரைப் பார்க்கப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். பிரேக் பிடிக்கும் ரிம்மில், அதாவது வீலின் வெளி வளையத்தில், வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு ரிம். பளபளவென்று குரோம் பூசியிருக்கும், பார்க்க அழகாக இருக்கும். வெயிலில் சமாளிக்கும். மழையில் நனைந்தால் நீங்கள் பிரேக்கை இறுக்கிப் பிடித்த பிறகும் வீல் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் கொட்டும். இரும்பு ரிம் என்றால் பேரம் பேசாதீர்கள், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விலை 30 வெள்ளி என்றாலும் வேண்டாம்.

அலுமினிய ரிம்மா? அடுத்தது பிரேக்கின் கைகளைப் பாருங்கள். மெல்லிய தகடாக இருந்து, பிடிக்கும்போது அவையே வளைந்தால் உங்கள் கைவிசை ரிம்முக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பிடியை முழுசாக இழுக்கும்போது அது ஹேண்டிலைத் தொடக் கூடாது. ஹேண்டிலின் மேல்பகுதியில் கூடுதலாக ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல்களும் உண்டு. வசதியாகத் தெரியும், ஆனால் அது இழுக்கும் தூரம் குறைவு, வேகமாகப் போகும்போது அதை நம்பவே கூடாது. பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பின் வீல் தரையை விட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின் வீல் உருளாமல் இழுபட வேண்டும். இந்த இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்த சைக்கிளில் ஏறாதீர்கள், சும்மா ஒரு சுற்று என்றாலும் ஏறாதீர்கள்.

“டிஸ்க் பிரேக் இருக்கே” என்று கேட்பவர்களுக்கு: விலை மலிவான கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும், அது பிடிக்கும் தட்டு லேசாக வளைந்திருந்தாலும் உரசும், சரிசெய்யத் தெரியாவிட்டால் பிடிக்காது. டிஸ்க் என்பதாலேயே நல்லது ஆகிவிடாது.

மற்ற சோதனைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும், முன் பிரேக் போர்க்கின் முன்புறம் இருக்க வேண்டும். ஹேண்டிலுக்கு அருகில், கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அது எங்கேயோ நேராக மோதிய சைக்கிள். அலுமினிய ஃப்ரேமில் விரிசல் இருந்தால் இலவசம் என்றாலும் வாங்காதீர்கள், அதை ஒட்டிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். ஹேண்டில் தண்டிலும் சீட் போஸ்ட்டிலும் ஒரு குறைந்தபட்சக் கோடு இருக்கும். கோடு வெளியே தெரிந்தால் அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழுத்துப் பகுதியில் ‘டக் டக்’ என்றால் பால்ரஸ் தளர்ந்திருக்கிறது. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் பெடல் அச்சில் கோளாறு. வீலைச் சுற்றிவிட்டுப் பிரேக் ஷூவுக்கு நடுவே ரிம் நடனமாடுகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். செயினை ஓர் அடி ஸ்கேலால் அளக்கலாம்: புது செயினில் ஓர் ஊசியிலிருந்து எண்ணினால் 12 முழு இணைப்பு சரியாக 12 அங்குலம் வரும். கடைசி ஊசி 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினோடு பிரீவீலும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அளவையும் மறக்க வேண்டாம். இந்த சைக்கிள்கள் பல ஒரே அளவில்தான் வருகின்றன. உயரமானவர் சீட்டை அளவுக்கு மீறி ஏற்றி ஓட்டுகிறார், குள்ளமானவர் நிறுத்தும்போதெல்லாம் மேல்குழாயில் இடித்துக்கொள்கிறார். மேல்குழாயைக் காலிடுக்கில் வைத்து இரு பாதமும் தரையில் பட நிற்க முடிய வேண்டும், கொஞ்சம் இடைவெளியும் இருக்க வேண்டும். முடியாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் அது உங்கள் சைக்கிள் இல்லை.

அப்படியென்றால் யாருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். அலுமினிய ரிம், பிரேக் பிடிக்கிறது, வீல் நேராக ஓடுகிறது, அளவு பொருந்துகிறது, விலை 50, 60 வெள்ளிக்குள், வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும்தான் பயணம் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வீஸ் செய்து ஓட்டுங்கள், அதற்கு மேல் அதில் காசு போடாதீர்கள்.

ஆனால் அதற்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: உங்களுக்கு ஏன் வளைந்த ஹேண்டில்? இங்கே நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேகவரம்பு. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. வேலைக்குப் போகும் பெரும்பாலானோர் இந்தப் பாதைகளில்தான் போகிறார்கள். குனிந்து, மெல்லிய டயரில், பிரேக்கை எட்டிப் பிடித்துக்கொண்டு, பாட்டிகளும் குழந்தைகளும் நடக்கும் பாதையில் போவதால் என்ன பயன்? நேர் ஹேண்டிலும் கொஞ்சம் தடித்த டயரும் உள்ள சாதாரண சைக்கிள் அதே 90 வெள்ளிக்கு இதைவிட நல்ல நிலையில் கிடைக்கும். விளிம்பில் ஏறி இறங்கினால் டியூப் கடிபட்டு இரட்டை ஓட்டை விழுவதும் குறையும். சாங்கி கடற்கரைப் பக்கம் வார இறுதியில் நீண்ட தூரம் ஓட்டத்தான் ஆசை என்றால் இரண்டு மாதம் பொறுத்து 250, 300 வெள்ளி சேர்த்து, சைக்கிள் நிறுவனம் ஒன்றின் பழைய ரோட் பைக்கை வாங்குங்கள். பத்து வருடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பாகம் கிடைக்கும், பொருந்தும், திரும்ப விற்கும்போதும் விலை போகும்.

பட்ஜெட் போடும்போது சட்டம் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப் பிரேக் குறைந்தது ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் என்பது விதி. நான் இரண்டும் கேட்பேன். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் 2019-லிருந்து கட்டாயம். 90 வெள்ளியையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட்டு விளக்கில்லாமல் இரவு ஷிஃப்ட் முடிந்து போகும் தம்பிகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தயவுசெய்து, சைக்கிளில் 30 வெள்ளி குறைத்தாவது விளக்கு வாங்குங்கள்.

விற்பவரிடம் வாங்கிய ரசீதோ பழைய படமோ கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி குற்றம். நல்ல சைக்கிள் நம்ப முடியாத விலைக்கு வந்து, விற்பவர் பெயரும் சொல்லாமல் அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்கிய பிறகு கொண்டுவராதீர்கள், வாங்கும் முன் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடையில் பார்த்துக்கொள்ளலாமா என்று விற்பவரைக் கேளுங்கள். நேர்மையானவர் பெரும்பாலும் சம்மதிப்பார். அது முடியாவிட்டால் போர்க், பிரேக், ரிம், ஃப்ரேமின் கழுத்து நான்கையும் கிட்டத்தில் படம் எடுத்து உங்கள் பகுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நான் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், வார நாளில் மாலை ஐந்துக்கு மேல் வந்தால் நிதானமாகக் கழற்றிக் காட்டுகிறேன்.