காத்து பிரிஞ்சுதா?

வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர், கட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்பார்: “காத்து பிரிஞ்சுதா?” மாமியார், மைத்துனர், பக்கத்துக் கட்டில்காரர் என்று எல்லார் முன்னிலையிலும்தான் கேட்பார். நோயாளி கூச்சத்தோடு இல்லையென்று தலையாட்டுவார். காலமெல்லாம் அடக்கப் பழகிய ஒன்றுக்காகக் குடும்பமே காத்திருப்பது அந்த வார்டில் மட்டும்தான்.

குடலைக் கையால் தொட்டால் அதன் அசைவு நின்றுவிடும். ஹார்வர்டில் இருந்த உடலியல் அறிஞர் வால்டர் கேனன், மர்ஃபி என்ற மருத்துவரோடு சேர்ந்து 1906-இல் இதைச் சோதித்தார். எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் என்ற உலோக உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, அது நகர்வதைப் பார்த்தார்கள். குடலைக் குளிரில் வைப்பதும் காற்றில் உலர விடுவதும் பெரிய கெடுதல் செய்யவில்லை. மெதுவாகக் கையாண்டாலே போதும், அசைவு மணிக்கணக்கில் நின்றுபோனது.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. கத்தி பட்டதும் முதுகுத்தண்டு வழியாகப் போகும் அனிச்சைச் செயல், ‘இப்போது அசையாதே’ என்று குடலுக்குத் தடை போடுகிறது. இது ஆபரேஷனோடு பெரும்பாலும் அடங்கிவிடும். நாட்களை விழுங்குவது அடுத்த கட்டம். குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் இருக்கின்றன. கை பட்ட இடத்தில் அவை விழித்து, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைக் கூட்டிவருகின்றன. தசை வீங்குகிறது, சுருங்கும் பலம் குறைகிறது. அங்கிருந்து நரம்பு வழியே போகும் தடை, யாரும் தொடாத பகுதியையும் நிறுத்திவைக்கிறது. போதாக்குறைக்கு வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் குடலிலும் உண்டு. வலியை அடக்கும் மருந்தே குடலையும் தூங்கவைக்கிறது.

எழுந்திருப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் சோம்பேறி, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘களக் களக்’ சத்தம் சிறுகுடலுடையதாகவும் இருக்கலாம். காற்று பிரிந்தால்தான் கடைசி ஆளும் எழுந்துவிட்டான் என்று பொருள்.

முன்பெல்லாம் அதுவரை பட்டினி போட்டு, மூக்கில் குழாய் வைத்துப் படுக்கவைத்தார்கள். 1990-களில் டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட் இதைக் கேள்வி கேட்டார். மார்ஃபினைக் குறை, வலியை வேறு வழிகளில் அடக்கு, குழாயைச் சீக்கிரம் எடு, முடிந்தவரை அன்றைக்கே எழுப்பி உட்காரவை, வாய்வழி உணவைத் தொடங்கு என்றார். இன்று உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகள் இதைப் பின்பற்றுகின்றன. காபிகூட உதவுகிறது: ஜெர்மனியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பின் காபி குடித்தவர்களுக்குச் சராசரியாக 60 மணி நேரத்தில் மலம் போனது, தண்ணீர் குடித்தவர்களுக்கு 74 மணி நேரம் ஆனது. இதைப் படித்துவிட்டு ஃபிளாஸ்க்கில் டிகிரி காபியோடு வார்டுக்குக் கிளம்ப வேண்டாம். எப்போது குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லட்டும்.

குடல் எழுந்தபின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த குழப்பம் அங்கேதான். தையல் பிரித்தாயிற்று, வெளியே காயம் மூடிவிட்டது, ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “இன்னுமா படுத்திருக்கே?” என்று விசாரிக்க வருபவர்கள் கேட்பார்கள். அவர்கள் பார்ப்பது தோலை மட்டும். வயிற்றைத் தாங்குவது அதற்கடியில் இருக்கும் கெட்டியான தசையுறை. அங்கே உடல் முதலில் அவசரத்துக்கு கொலாஜன் என்னும் நார்ப்பொருளை மெல்லியதாகப் போட்டு ஒட்டுகிறது. பிறகு வாரக்கணக்கில் அதைப் பிரித்து வலுவான கொலாஜனாக மாற்றி முறுக்குகிறது. மூன்று வாரத்தில் காயத்தின் பலம் பழைய பலத்தில் ஏறக்குறைய கால்வாசிதான் வந்திருக்கும். எத்தனை மாதம் போனாலும் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டாது. ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்காதே என்பது இதனால்தான். அந்த ஒட்டு விட்டால், தழும்பு வழியே குடல் பிதுங்கிக் குடலிறக்கம் வரும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

களைப்புக்கும் காரணம் உண்டு. ஆபரேஷனின் அதிர்ச்சியில் கார்டிசால் என்னும் ஹார்மோன் ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, உடல் தன் தசையையே கரைத்துப் புரதம் எடுக்கிறது. இந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது என்று பத்தியம் போட்டு ரசம் சாதத்தில் நிறுத்துகிறார்கள். என் பாட்டியும் அப்படித்தான். அன்பு மிகுந்த தவறு அது. கொலாஜனே புரதம்தான், அதை முறுக்கிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். மருத்துவர் வேண்டாமென்று சொல்லாதவரை முட்டை, மீன், பருப்பு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் மருந்துக்குச் சமம்.

மெதுவாகத் தேறுவது வேறு, தேறிவந்தவர் திரும்பிச் சரிவது வேறு. நான்காம் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஐந்தாறு நாளில் நாடி வேகமெடுத்து, காய்ச்சல் வந்து, வயிறு உப்பினால், உள்ளே வெட்டித் தைத்த குடல் இணைப்பு கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கட்டு திடீரென்று இளஞ்சிவப்பு நீரில் நனைந்தால், உள்தையல் விடுவதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம்; அதோடு மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று ஆண்டுகள் கழித்தும் வரும். திறந்த வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்றும், வயிற்றுச் சுவரோடும் நாரிழையால் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய ஆபரேஷன் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஒட்டு இருக்கும். பெரும்பாலும் தொந்தரவே செய்யாது. சிலருக்கு மட்டும் என்றோ ஒருநாள் குடல் அதில் மடங்கி அடைபடும். சுருட்டிப் பிடிக்கும் வலி, வாந்தி, உப்பிய வயிறு. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், பணியில் இருக்கும் மருத்துவர் சட்டையை விலக்கி, மங்கிப்போன பழைய தழும்பைப் பார்த்ததும் கேட்பார்: “காத்து பிரியுதா?”