தெருவை அளக்க டேப் மட்டும் போதாது

பல வருடங்களுக்கு முன் கொங்குப் பக்கம் ஒரு சிற்றூரில் வாரச் சந்தையைப் புதிதாகக் கட்ட பிளான் போட்ட குழுவில் நானும் இருந்தேன். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து ஒவ்வொரு மரத்தையும் மின்கம்பத்தையும் அளந்தோம், தரைமட்டம் எடுத்தோம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தோம், எத்தனை மேடை, ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. கட்டி முடித்து மூன்று மாதம் கழித்துப் போனால் கீரை விற்பவர்கள் ஒருவர்கூட மேடையில் இல்லை. வெளியே சாலையோரப் புங்க மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரு பாட்டி கீரைக்கட்டு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்:

“ஏன் அம்மிணி, படமெல்லாம் போட்டீங்களே, ஒரு சந்தை நாளாச்சும் எங்ககூட வந்து உக்காந்து பாத்தீங்களா?”

இல்லை. சந்தை கூடாத நாளாகப் பார்த்துத்தான் அளக்கப் போயிருந்தோம், கூட்டம் இல்லாவிட்டால் டேப் பிடிப்பது சுலபம் என்பதற்காக.

நாங்கள் போட்ட ஜிஐ ஷீட் தகரக் கூரை காலை பத்து மணிக்கே அனலாக இறங்கியது. கீரை வாடியது. பழைய சந்தையில் ஒருவர் கூவுவது வெட்டவெளியில் கரைந்துபோகும், இங்கே தகரத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பி எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து இரைச்சலானதால் தொண்டை கிழியக் கத்தினால்தான் வியாபாரம். கருவாட்டுக் கடைகள் முன்பு காற்று வெளியேறும் மூலையில் இருந்தன. யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆண்டாண்டாக அப்படி அமைந்தது. நாங்கள் அவற்றை நட்டநடுவில் வைத்திருந்தோம், பிளானில் அங்கேதான் இடம் இருந்தது. மரமும் வடிகாலும் காட்டிய எங்கள் வரைபடத்தில் வெயிலும் சத்தமும் வாசனையும் எங்கேயும் இல்லை, அதனால் அவற்றைப் பற்றிய ஒரு முடிவையும் யாரும் எடுக்கவில்லை.

அதன்பிறகுதான் நான் இடங்களை வேறு மாதிரி பதிவுசெய்யக் கற்றுக்கொண்டேன்: நடந்துகொண்டே ஐந்து புலனும் உணர்வதை ஒரு தாளில் பென்சிலால் குறிப்பது. இன்று ஊர் ஊராகத் தெருவும் பேருந்து நிலையமும் சந்தையும் புதுப்பிக்கப்படுகின்றன. இடிப்பதற்கு முன் போட்டோ எடுக்கிறோம், வீடியோகூட எடுக்கிறோம், ஆனால் அந்த இடம் உடம்புக்கு எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இடித்தபின் அதை எங்கிருந்தும் எடுக்க முடியாது. இந்த வேலைக்குக் கட்டிடக் கலைஞர் தேவையில்லை, பென்சில் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது புதிய யோசனையும் இல்லை. நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியபோது, மக்கள் தங்கள் ஊரை நினைவிலிருந்து எப்படி வரைகிறார்கள் என்று பார்த்தார். அது பெரும்பாலும் கண் சார்ந்த ஆய்வு. 1969-ல் மைக்கேல் சவுத்வொர்த் பாஸ்டனில் சிலரைக் கண்ணைக் கட்டியும் சிலரைக் காதை அடைத்தும் கூட்டிச் சென்று, அதே தெருக்கள் அவர்களுக்கு எப்படி இருக்கின்றன என்று பதிந்தார். லாரன்ஸ் ஹால்பிரின் என்ற நிலவடிவமைப்பாளர் நடக்கும்போது சுற்றுப்புறம் நகர்வதை எழுத ஒரு குறியீட்டு முறையையே உண்டாக்கினார். கனடாவில் இசையமைப்பாளர் மரே ஷேஃபர் தன் குழுவோடு வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிவுசெய்தார். ஓர் ஊருக்கு முகம் இருப்பதுபோல அந்த ஊருக்கே உரிய ஒலியும் உண்டு, அதையும் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். ஜப்பான் அரசு இதைப் பொருட்படுத்தி 1996-ல் நாட்டின் 100 ஒலிச் சூழல்களையும் 2001-ல் 100 மணச் சூழல்களையும் பட்டியலிட்டது. மணத்துக்கு அரசுப் பட்டியல்! எனக்கு அது இன்றும் வியப்புத்தான்.

நமக்கு இதில் இன்னும் பழைய சொத்து இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போது வெறும் மண்ணோடு நிறுத்துவதில்லை. அந்த நிலத்தின் உணவு, மரம், பறவை, பறை, யாழ் என்று கருப்பொருளாகச் சேர்க்கிறது. ஒரு நிலத்துக்கு இன்ன பறை என்று சொல்வது ஒலிப் பதிவு இல்லாமல் வேறென்ன? அப்புறம் அதன் மரபியல் என்ற பகுதியில் அறிவை வரிசைப்படுத்தும் இடத்தில், புலன்களில் முதலில் தொடுவுணர்வு, அதன்பின் நாக்கு, மூக்கு, கண், கடைசியில் செவி. என் தாளில் நான் அந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு காரணம் உண்டு. கண்ணை முதலில் வைத்தால் தாள் முழுக்கக் கண்ணே நிரப்பிவிடும். தொடுவுணர்வில் தொடங்கினால் கை தானாக வெப்பத்தையும் காற்றையும் தேடுகிறது.

சரி, எப்படிச் செய்வது? நான் எடுத்த ஒரு தாளையே சொல்கிறேன். மயிலாப்பூர் தெற்கு மாட வீதி, ஒரு வேலைநாள், மாலை ஐந்தரை மணி. ராமகிருஷ்ண மடம் சாலை முனையிலிருந்து கிழக்கே நடக்கிறேன்.

தாளை அகலவாக்கில் வைத்து நடுவே ஒரு நேர்கோடு. அதுதான் தெரு. வளைவு நெளிவு எல்லாம் வேண்டாம், கயிற்றை நீட்டிப் பிடித்ததுபோல நீட்டிவிட வேண்டும். ஐம்பது எட்டுக்கு, அதாவது ஐம்பது காலடிக்கு, ஒரு சின்னக் கோடு. அதன் மேலும் கீழுமாக ஐந்து வரிகள், புலன் ஒன்றுக்கு ஒரு வரி.

முதல் வரியில் வெப்பம். வெயில் முதுகில், கடல்காற்று முகத்தில். சாய்ந்த கோடுகள் நெருக்கமாக இருந்தால் சூடு, விலகினால் குளுமை. தரையின் சூட்டுக்கு எனக்கு ஒரு சொந்த அளவுகோல் உண்டு: உள்ளங்கையைத் தரையில் வைத்து எண்ணுவேன். காய்கறிக் கடைக்கு முன்னால் ஈரச் சாக்கை ஒட்டிய சிமெண்டில் பத்து எண்ணியும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அதிலிருந்து நான்கு அடி தள்ளி, வெயில் பட்டுக்கொண்டிருந்த கல்லில் ஆறுக்கு மேல் தாங்கவில்லை. காய்கறி விற்கும் பாட்டிகள் ஏன் அந்த ஈரச் சாக்கின் பக்கமே உட்காருகிறார்கள், ஏன் நகரச் சொன்னால் கோபப்படுகிறார்கள் என்பதற்குப் பதில் அந்த நான்கு அடியில் இருக்கிறது.

மூக்கு வரியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டது. மணத்தைப் புள்ளியாகப் போட முடியாது, அது ஒரு பரப்பு, அதற்கு ஓரம் உண்டு. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, எந்த எட்டில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறிக்கிறேன். கிழக்கே போகும்போது மல்லிகைக் கூடை கண்ணில் படுவதற்கு இருபது எட்டு முன்பே மணம் வந்துவிட்டது. அதே தெருவில் திரும்பி மேற்கே நடந்தபோது கூடைக்கு நேராக வந்த பிறகுதான் தெரிந்தது. காற்றுக்கு எதிரே நடந்தால் மணம் முன்னால் வந்து கூப்பிடுகிறது, காற்றோடு நடந்தால் வருவதில்லை. ஒரே தெரு, இரண்டு தாள். பிளானில் இது எப்போதாவது தெரியுமா?

இன்னொன்று, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். போய்ச் சேர்ந்த முதல் ஓரிரு நிமிடத்தில் மணத்தை எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டால் கொஞ்சம் விலகிப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். நாக்கு வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கும், இருக்கட்டும். அன்று புழுதியும் ஒரு இளநீரும் மட்டும்தான். கண் வரியையும் சுருக்கமாக முடித்துக்கொள்வேன், அதைப் போட்டோவிலும் பார்த்துக்கொள்ளலாம்.

செவிக்கு நம் சுரக்குறிப்பு முறையைக் கடன் வாங்கியிருக்கிறேன். கர்நாடக இசையில் ஒரு சுரம் நீள்வதைக் காட்டக் காற்புள்ளி ஓர் அட்சரம், அரைப்புள்ளி இரண்டு. கீரைக்காரம்மாவின் குரல் என் தாளில் இப்படி இருக்கிறது: “கீ ; ரே ; ; ய் ,”. வாழைத்தண்டை நறுக்கும் கத்திக்கு ஒரு குறுக்குவெட்டு, தராசுத் தட்டுக்கு ஒரு புள்ளி, விடாமல் ஓடும் ஜெனரேட்டருக்கு ஒரு தடித்த கோடு. பஸ் ஹாரன் எந்த எட்டில் மங்கி, கத்திச் சத்தம் எந்த எட்டில் மேலே வருகிறது என்பது அந்த வரியைப் பார்த்தாலே தெரியும். அந்த இடத்தில்தான் மனிதர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

போனில் ரெக்கார்ட் செய்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். செய்யுங்கள், தவறில்லை. ஆனால் மைக்குக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான், கேட்பவருக்கு அப்படி இல்லை. கையால் எழுதும்போது எது முக்கியம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். டெசிபல் எண்ணும் அப்படித்தான். இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65. இது தேவையான சட்டம், மீறினால் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் கோயில் மணியும் ஜெனரேட்டரும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும், அந்தத் தெருவில் வாழ்பவர் இரண்டையும் ஒன்றாக எண்ண மாட்டார். தவிர, மனிதர்களின் பேச்சை அவர்கள் அனுமதி இல்லாமல் போனில் பதிவுசெய்வது முறையும் இல்லை. பென்சில் குறிப்பில் அந்தச் சிக்கல் வராது.

ஒரு முறை மாணவர்களோடு இப்படி நடந்தபோது பார்வையற்ற ஒருவரையும் உடன் வரும்படி கேட்டிருந்தேன். அவருக்குத் திருப்பம் எங்கே என்று சொன்னது பார்வையற்றோருக்காக நடைபாதையில் பதித்த மேடு ஓடுகள் இல்லை, காபிக்கொட்டை வறுக்கும் வாசனை. அது நின்றபிறகு பதினைந்து எட்டு எண்ணி இடதுபுறம் திரும்புவாராம். கடை விடுமுறை நாளில் ஒரு தரம் திருப்பத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே போய்விட்டதைச் சொன்னார். மாணவர்கள் யாரும் பேசவில்லை. நடைபாதைப் பணிக்காக ஒரு கடையை எதிர்ப்புறம் மாற்றுவது எங்களுக்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி, அவருக்கு வழியே மாறிப்போகிறது.

பேருந்து நிறுத்தங்களைப் பாருங்கள். பகல் ஒரு மணிக்கு ஸ்டீல் இருக்கை காலியாக இருக்கும், மனிதர்கள் நிழற்குடைக்குப் பின்னால், அதன் நிழல் விழுந்த இடத்தில் நிற்பார்கள். சில இடங்களில் ஒரு மின்கம்பத்தின் மெல்லிய நிழலில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்பார்கள். மதியம் ஒரே ஒரு தாள் எடுத்திருந்தால் அந்த இருக்கையை அந்த உலோகத்தில் அந்தத் திசையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு மதியம்தான் தேவை.

நேரம் மாற்றி எடுப்பது மிக அவசியம். காலை, நண்பகல், எற்பாடு (பிற்பகல்), மாலை, யாமம் (நள்ளிரவு), வைகறை என்று ஆறு சிறுபொழுதுக்கும் ஒவ்வொரு தாள் எடுத்தால் நல்லது. முடியாவிட்டால் நண்பகலும் மாலையும் மட்டுமாவது. முதல் மழை பெய்த அன்று ஒரு தாள் கட்டாயம் எடுங்கள். எங்கே மண்வாசனை வருகிறது, எங்கே சாக்கடை வாடை வருகிறது என்று அன்றைக்குத் தெரிவதுபோல வேறு எந்த நாளிலும் தெரியாது. மண் இருக்கும் இடத்தில்தான் மண்வாசனை வரும், தெரு முழுக்க பேவர் பிளாக் போட்டுவிட்டால் அதுவும் போய்விடும்.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கு நடக்கும் வழியைக் கோடாக நீட்டி, எங்கே மூக்கைப் பொத்துகிறாய், எங்கே மெதுவாக நடக்கிறாய் என்று மட்டும் கேட்டால் போதும்.

எடுத்த தாள்களை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவிலோ சந்தையிலோ வேலை தொடங்கப்போகிறது என்று தெரிந்தால் கிராம சபைக்கோ வார்டின் பகுதி சபைக்கோ நகல் எடுத்துக் கொண்டுபோங்கள். “இங்கே நிழல் வேண்டும்” என்று வாயால் சொல்வதற்கும், பத்து எண்ணிய இடமும் ஆறு எண்ணிய இடமும் குறித்த தாளை மேஜையில் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பொறியாளர்கள் காகிதத்தைப் படித்துப் பழகியவர்கள், நானும் அப்படித்தான். தாளின் மூலையில் தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். அவை இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே இடத்தில் எடுக்கும் தாளோடு ஒப்பிட முடியாது.