வாஷிங் மெஷின் கையேட்டின் கடைசிப் பக்கம்

போன மாதம் புது வாஷிங் மெஷின் வந்தது. கையேட்டைப் புரட்டினால், பட்டுப் புடவையை எந்தப் பட்டனில் போட வேண்டும் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் மட்டும் எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் ஒரு பத்தி. இந்தப் பொருளில் ஆறு ரசாயனங்கள் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கின்றன என்று கம்பெனி தரும் உறுதிமொழி அது. ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்று பெயர். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் பழைய டிவியைத் தூக்கிப் போடுவதற்கான விதி போலத் தெரியும், ஆனால் பொருளைச் செய்யும்போதே அதில் என்ன சேர்க்கக் கூடாது என்பதும் இதற்குள்தான் வருகிறது. இந்தக் கட்டுப்பாடு இந்தியாவில் 2014 மே 1 முதலே உண்டு. ஐரோப்பாவில் 2006 ஜூலையிலேயே வந்துவிட்டது. இந்தியாவில் இந்த விதி பொருந்தும் பொருட்களின் பட்டியல் முன்பு 21 வகையோடு நின்றிருந்தது, இப்போது 106 ஆகியிருக்கிறது.

அந்த ஆறு: காரீயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்), அப்புறம் பிளாஸ்டிக் சட்டென்று தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் இரண்டு புரோமின் சேர்மங்கள் (பிபிபி, பிபிடிஈ). காட்மியத்துக்கு உச்சவரம்பு 0.01 சதவீதம், மற்ற ஐந்துக்கும் 0.1 சதவீதம்.

எதில் 0.1 சதவீதம்? இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மொத்த மெஷினின் எடையில் என்று கணக்குப் போட்டால், 60 கிலோ மெஷினில் 60 கிராம் காரீயம் இருக்கலாம் என்று ஆகிவிடும்! சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெட்டியோ, அரைத்தோ, திருகைக் கழற்றியோ மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொரு ஒரே சீரான பொருளிலும் தனித்தனியாகக் கணக்கு. ஒயர் என்றால் உள்ளே இருக்கும் செம்பு தனி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை தனி. சர்க்யூட் போர்டில் பற்றவைத்த ஒரு சொட்டு சால்டர்கூடத் தனிக் கணக்குதான். ரிப்பேர் கடைகளில் காலங்காலமாக ஓடும் 60/40 சால்டரிங் கம்பியில் 40 சதவீதம் காரீயம், அதனால் அந்த ஒரு சொட்டிலேயே பொருள் தோற்றுவிடும். காரீயமில்லாக் கம்பியில் பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் செம்பு. பழையது 180 டிகிரி சொச்சத்தில் உருகும், இது 217 தாண்டினால்தான் இளகும். பற்றவைத்த இடமும் பளபளக்காமல் மங்கலாக நிற்கும், மெக்கானிக்குகள் இதைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணம்.

விலக்குகளும் உண்டு. செம்புக் கலவையில் 4 சதவீதம் வரை காரீயம் இருக்கலாம், பிளக்கின் பித்தளை முள் இதில் அடங்கும். சிஎஃப்எல் பல்புக்குப் பாதரசம் இல்லாமல் முடியாது என்பதால் ஒரு பல்புக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு. 2014 மே 1-க்கு முன் விற்பனைக்கு வந்த பொருளின் உதிரிபாகத்துக்கும், விதிக்கு உட்பட்ட பாகம் சந்தையில் கிடைக்காதபோது, விலக்கு தரலாம். குறுந்தொழில் நிறுவனங்களுக்கு இந்த விதிகளே பொருந்தாது. சின்னப் பட்டறைகளை நசுக்க வேண்டாம் என்பது புரிகிறது, ஆனாலும் எனக்கு இது பெரிய ஓட்டையாகத்தான் படுகிறது.

பொறுப்பு யாருக்கு? தன் பிராண்டில் விற்பவருக்கும், வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பவருக்கும். ஆன்லைனில் விற்றாலும் தப்ப முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சந்தையில் இருக்கும் பொருட்களை ஆங்காங்கே எடுத்துச் சோதிக்கும், அந்தச் செலவும் கம்பெனி தலையில்தான். தோற்றால் குறையைச் சரிசெய்து, சந்தையில் இருக்கும் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

வாங்கும் நமக்கு இதில் பணமோ தள்ளுபடியோ கிடையாது, அந்தக் கடைசிப் பக்கத் தகவல்தான் நம் உரிமை. குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த படத்தை இதற்கான முத்திரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சாதாரணக் குப்பையோடு போடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். கையேட்டில் உறுதிமொழியே இல்லையென்றால் ரசீது, மாடல் எண்ணோடு முதலில் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் அதே கடிதத்தை வாரியத்துக்கு அனுப்புங்கள்.