ஐபேடில் டோன் வாசிப்பவர்கள் கவனத்துக்கு

மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் பலர் இப்போது ஐபேடோடு மேடை ஏறுகிறார்கள். காரணம் எளிது. நல்ல பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் (வயலின் கூட்டொலி) உள்ள ஒர்க்ஸ்டேஷன், அதாவது உயர்ரக கீபோர்டு, வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் இருக்கும் ஐபேடில் கோர்க் மாட்யூல் மாதிரி ஒரு ஆப் போட்டு, கையில் உள்ள பழைய கீபோர்டோடு இணைத்தால் வேறு தரத்தில் ஒலி கிடைக்கிறது. நானும் இப்படி வாசிப்பவன்தான், மற்றவர்களுக்கும் அமைத்துக் கொடுப்பவன்தான். ஒலித் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலையெல்லாம் கீபோர்டிலிருந்து ஸ்பீக்கர் வரை போகும் வழியைப் பற்றியது. மேடையில் டேப்லெட் காலை வாரும்போது பெரும்பாலும் ஆப்பின் மேல் தப்பு இருப்பதில்லை. ஒரு கேபிள், ஒரு செட்டிங், ஒரு சார்ஜர், இவற்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

முதலில் இணைப்பு. கீபோர்டிலிருந்து டேப்லெட்டுக்குப் போவது ஒலி அல்ல, மிடி செய்தி. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, இப்படிப்பட்ட குறிப்புகள்தான். இந்த முறை 1983 முதல் புழக்கத்தில் இருப்பதால் ஐந்து முள் சாக்கெட் மட்டும் உள்ள பழைய கீபோர்டையும் ஒரு சின்ன மிடி இன்டர்ஃபேஸ் (மிடியை யூஎஸ்பிக்கு மாற்றும் சாதனம்) மூலம் இணைத்துவிடலாம். யூஎஸ்பி உள்ள கீபோர்டு என்றால் இன்னும் சுலபம். பழைய லைட்னிங் ஐபேட் வைத்திருப்பவர்கள், சார்ஜரும் செருக இடம் உள்ள ஆப்பிள் கேமரா அடாப்டரையே வாங்குங்கள். சில ரோலண்ட் கீபோர்டுகளில் யூஎஸ்பி டிரைவர் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ஜெனரிக் என்று மாற்றினால்தான் ஐபேட் கண்டுகொள்ளும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்து, தாமதம். கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் உள்ள நேரம் இது. ஆப்பில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும். எத்தனை ஒலித் துணுக்குகளை ஒரே தடவையில் சேர்த்து அனுப்புவது என்பது அது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 துணுக்கு) 256 வைத்தால் சுமார் 5 மில்லிசெகண்ட், 1024 வைத்தால் 21 மில்லிசெகண்டுக்கு மேல். மானிட்டர் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி காதுக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 256 போதும். பழைய ஐபேடில் அதில் கரகரப்பு வந்தால் 512-க்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். தபேலாவோடு சேர்ந்து வேகமான பிஜிஎம் வாசிக்கும்போது வித்தியாசம் விரலில் தெரியும். புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் ஹெட்போன் எதுவும் மேடைக்கு ஆகாது. அதில் தாமதம் 100 மில்லிசெகண்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

இனி ஒலி வெளியே போகும் வழி. நான் அதிகம் பார்க்கும் கோளாறு இங்கேதான். ஐபேடின் ஹெட்போன் துளையிலிருந்தோ, துளை இல்லாத புதிய ஐபேடில் அடாப்டரிலிருந்தோ ஒரு ஸ்டீரியோ கேபிளை எடுத்து, மறுமுனையில் உள்ள பெரிய ஸ்டீரியோ ஜாக்கை நேராக மிக்ஸரின் ஒரு சேனலில் செருகிவிடுகிறார்கள். மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட், ஜாக்கின் நுனியில் வருவதற்கும் வளையத்தில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது. இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி ஒன்றை ஒன்று அடித்துப் போய்விடும். மிச்சம் வருவது ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் கேட்கிற, எலும்பில்லாத ஒரு பியானோ. ஹெட்போனில் கேட்டால் அருமையாக இருக்கிறதே என்று வாசிப்பவர் குழம்புவார், சவுண்டுக்காரர் ஈக்வலைசரைத் திருகிக்கொண்டே இருப்பார். ஒரு ஸ்டீரியோ முனை இரண்டு மோனோ ஜாக்குகளாகப் பிரியும் ஒய் கேபிளும், இரண்டு சேனல் டிஐ பாக்ஸும் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) உங்கள் பையில் இருக்க வேண்டும். கீபோர்டுக்கு ஒரே லைன்தான் தருவேன் என்று சவுண்டுக்காரர் சொன்னால் (பல ஊர்களில் அப்படித்தான்), ஐபேடின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவைப் போட்டுவிட்டு ஒரு பக்க ஜாக்கை மட்டும் கொடுங்கள். உங்கள் கீபோர்டில் ஆக்ஸ் இன் (வெளி ஒலியை உள்ளே வாங்கும் துளை) இருந்தால் ஐபேட் ஒலியை அதற்குள்ளேயே விட்டு, கீபோர்டின் அவுட்டை மட்டும் மிக்ஸருக்கு அனுப்பலாம். இரண்டு ஒலிகளின் அளவும் உங்கள் கையிலேயே இருக்கும். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான்.

சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்துவிடுவது. இந்த இரைச்சலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து செய்யாதீர்கள், வேறு யாராவது செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். எர்த் இல்லாத கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், அது ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக மிக்ஸருக்கும், அங்கிருந்து பாடகர் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கும் மைக்குக்கும் போய்ச் சேரலாம். கோயில் திருவிழா மேடைகளில் கால் வைக்கும் தரை ஈரமாகவும் இருக்கும். இரைச்சலுக்குச் சரியான மருந்து டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது) கொண்ட டிஐ பாக்ஸ். அது இல்லாத நாளில் முழுதாகச் சார்ஜ் செய்து வந்து, கச்சேரி முழுவதும் பேட்டரியிலேயே வாசியுங்கள். பேட்டரி நல்ல நிலையில் உள்ள ஐபேட் மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்கும்.

பேட்டரியைவிடப் பெரிய எதிரி சூடு. ஐபேட் இயங்க ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். சித்திரை, வைகாசியில் திருச்சியிலும் வேலூரிலும் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மாலை சவுண்டு செக் நேரத்தில் வெயில் மேடை மேலேயே இருக்கும். ஐபேட் முதலில் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அப்புறம் வெப்ப எச்சரிக்கை காட்டி வேலையையே நிறுத்திவிடும். தோல் உறையைக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்காதீர்கள். பார் லைட் எனும் மேடை விளக்குக்கு நேர் கீழே ஸ்டாண்டைப் போடாதீர்கள்.

நம் பாட்டுகளுக்கே உரிய ஒரு விஷயம், பிட்ச் பெண்ட், அதாவது ஸ்வரத்தை வளைப்பது. புல்லாங்குழல், நாதஸ்வரம், வீணை டோன்களில் கமகம் கொண்டுவர நாம் அதைத்தான் நம்புகிறோம். கீபோர்டில் அதற்கான வீலைத் தள்ளினால் போகும் செய்தி, எவ்வளவு தூரம் தள்ளினீர்கள் என்பதை மட்டுமே சொல்லும். அது எத்தனை ஸ்வர தூரம் என்பதை ஆப்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலான ஆப்களில் மேலும் கீழும் இரண்டு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரம் ஒரு செமிடோன்) என்று இருக்கும். உங்கள் கீபோர்டில் வேறு அளவு வைத்துப் பழகியிருந்தால், பழகிய கை பழகிய தூரம் போகும், ஸ்வரம் மட்டும் வேறு இடத்தில் நிற்கும். ஒவ்வொரு டோனுக்கும் பெண்ட் ரேஞ்சைப் பார்த்து, ட்யூனரை வைத்துச் சரிபார்த்துச் சேமியுங்கள். கச்சேரியில் புல்லாங்குழல் இன்டர்லூட் அபஸ்வரமாகப் போனால் கேட்பவர்களுக்கு ஐபேட் தெரியாது, வாசித்தவர்தான் தெரிவார்.

டேப்லெட்டை மேடைக் கருவியாக நினைத்தால் மற்ற வேலைகளை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏரோபிளேன் மோடு, ஆட்டோ லாக் ஆஃப், நோட்டிஃபிகேஷன் ஆஃப், ஆட்டோமேட்டிக் அப்டேட் ஆஃப். கைடட் ஆக்சஸ் போட்டால் கை தவறிப் பட்டாலும் ஆப் மூடாது. பயன்படுத்தாத ஆப்களை நீக்கும் வசதியையும் மறக்காமல் அணைத்து வையுங்கள். மார்கழியில் கல்யாண ரிசப்ஷன்கள் இல்லாமல் அலமாரியில் கிடந்த ஐபேடைத் தை மாதம் எடுத்தால், பியானோ ஆப் இருந்த இடத்தில் மேகச் சின்னம் மட்டும் இருக்கலாம். அதைத் திரும்ப இறக்க மண்டபத்தில் நெட் கிடைக்காவிட்டால் அன்றைக்கு அந்த டோன் இல்லை.

இவ்வளவு செய்தாலும் ஐபேட் ஒருநாள் நிற்கலாம். அதனால் கீபோர்டின் சொந்த டோன் எப்போதும் ஒரு பட்டன் தூரத்தில் இருக்கட்டும். ஒரு ரெஜிஸ்ட்ரேஷனில் (கீபோர்டில் சேமித்து வைத்த அமைப்பு) சொந்த ஒலியின் வால்யூம் பூஜ்யம், ஐபேட் மட்டும் கேட்கும். பக்கத்து ரெஜிஸ்ட்ரேஷனில் கீபோர்டின் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் முழு வால்யூமில். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல கீபோர்டுகள் வால்யூம் பூஜ்யம் என்பதையும் மிடி செய்தியாக அனுப்பிவிடும், ஐபேடும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஆப்பின் மிடி ஃபில்டரில் கன்ட்ரோலர் 7-ஐ, அதாவது வால்யூம் செய்தியை, தடுத்து வையுங்கள். அப்புறம் ரிகர்சலில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஒருவரை யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள், சரணத்தின் நடுவில், முன்கூட்டிச் சொல்லாமல். தாளம் விடாமல் பட்டனை மாற்றி வாசிக்கக் கை பழக வேண்டும். பிடுங்கிய நேரத்தில் அழுத்தியிருந்த கட்டைகள் விடப்பட்ட செய்தி ஐபேடுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, அந்த ஸ்வரங்கள் அங்கே ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஐபேட் ஒலியை மிக்ஸரிலோ ஆக்ஸ் குமிழிலோ முதலில் இறக்கிவிடுங்கள். கேபிளைத் திரும்பச் செருகியதும் ஆப்பில் பேனிக் பட்டனைத் (ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் நிறுத்துவது) தொட்டு, சஸ்டெய்ன் பெடலை ஒருமுறை மிதித்து விட்டு, அதன் பிறகே வால்யூமை ஏற்றுங்கள்.