தரவு வீதம்: வேகம் என்றும் விகிதம் என்றும் எழுதாதீர்கள்

"டி1-ஐவிட இ1-க்கு வேகம் அதிகம்னு போட்டிருக்கு. அப்போ ஒரே தூரத்துக்கு இ1 போட்டா சிக்னல் முன்னாடியே போய்ச் சேருமா சார்?"

போன மாதம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். டி1, இ1 இரண்டும் பல தொலைபேசிக் குரல்களைப் பிட்டாக்கி ஒரே இணைப்பில் அனுப்பும் முறைகள். அவள் கையில் இருந்தது ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய பாடக் குறிப்பு. பக்கத்துக்குப் பக்கம் 'தரவு பரிமாற்ற வேகம்'. அடுத்த அத்தியாயத்தை வேறொருவர் மொழிபெயர்த்திருப்பார் போல, அங்கே அதே சொல் 'தரவு பரிமாற்ற விகிதம்' ஆகியிருந்தது. அவள் கேள்வியில் பிழை இல்லை. வேகம் என்று எழுதினால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

மூலச் சொல் ரேட். லத்தீனில் கணக்கிட்டுப் பிரித்த பங்கைக் குறிக்கும் 'ராட்டா'விலிருந்து வந்தது. நம் சந்தையில் "தக்காளி கிலோ என்ன ரேட்?" என்று கேட்கிறோமே, அதே பொருள்தான்: ஒன்றுக்கு இவ்வளவு. கிலோவுக்கு இத்தனை ரூபாய், நொடிக்கு இத்தனை பிட். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. 'ஆளுக்கு இரண்டு வீதம் கொடு' என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். வீதம் என்பது அதுதான்.

சரி, வேகம் என்றால் என்ன குடிமுழுகிப் போகும்? டி1, இ1 இரண்டையும் பிரித்துப் பார்த்தால் தெரியும். டி1 அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்தது. இ1 ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உள்ள முறை. இரண்டிலும் ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். 8,000 முறை என்பதால் ஒரு சட்டத்துக்கு, அதாவது எல்லாக் குரல்களின் ஒவ்வோர் அளவும் அடங்கிய ஒரு சுற்றுக்கு, கிடைக்கும் நேரம் 125 மைக்ரோநொடி. அந்த நேரத்துக்குள் டி1 24 குரல்களை அடுக்கி, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஓர் ஒழுங்கு பிட்டையும் சேர்த்து 193 பிட் அனுப்புகிறது. இ1 32 இடங்களை அடுக்கி 256 பிட் அனுப்புகிறது. 8,000-ஆல் பெருக்கினால் ஒன்று நொடிக்கு 15,44,000 பிட், மற்றது 20,48,000 பிட்.

இதில் எது முந்தி ஓடுகிறது? ஒரே மாதிரிச் செம்புக் கம்பியில் இரண்டு சிக்னலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகின்றன, ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. டி1-இல் ஒரு பிட் 648 நானோநொடி நீளம், இ1-இல் 488. பிட் ஒடுங்கியிருக்கிறது, அதனால் அதே நேரத்துக்குள் அதிகம் அடங்குகிறது, அவ்வளவுதான். சிக்னல் முந்திப் போகவில்லை. வேகம் என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால், உண்மையிலேயே போய்ச்சேரும் நேரத்தைப் பற்றிப் பேசும்போது கையில் சொல் இருக்காது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக நொடிக்கு எத்தனை மெகாபிட் வேண்டுமானாலும் அனுப்புங்கள், முதல் பிட் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி ஆகும். வீதம் எக்கச்சக்கம், ஆனால் தாமதம் குறையாது. இதை 'அதிவேக இணைப்பு, ஆனால் மெதுவாக வரும்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

வீட்டில் "நெட் ஸ்பீடா இருக்கு" என்று சொல்வதை நான் குறை சொல்லவில்லை. பேச்சு அப்படித்தான் இருக்கும். பாடப்புத்தகத்தில் எழுதுகிறவர் பேச்சைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

விகிதம் இன்னும் மோசம். ஒரே வகையான இரண்டு அளவுகளை ஒப்பிடுவது விகிதம், அதற்கு அலகு கிடையாது. ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். 256-க்கு 193 என்று சொன்னேன் பாருங்கள், அது விகிதம், இ1 வீதத்துக்கும் டி1 வீதத்துக்கும் உள்ள விகிதம். அந்தக் குறிப்பின்படி எழுதினால் 'விகிதங்களின் விகிதம்' என்று வரும். தமிழ்நாட்டுச் செய்திகள் 'வட்டி விகிதம்' என்று எழுதி எழுதிக் காதைப் பழக்கிவிட்டன. இலங்கைத் தமிழர்கள் வட்டி வீதம், நாணய மாற்று வீதம் என்று சரியாகவே எழுதுகிறார்கள். நம் பள்ளி இயற்பியலிலும் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்தான். அதைப் படித்துத் தேறியவர்களே மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் விகிதத்துக்குத் தாவுகிறார்கள். எழுதும் வரியின் அலகு என்ன என்று ஒருமுறை பார்த்தால் போதும், இந்தக் குழப்பம் வராது. பார்ப்பதில்லை.

அலகு பார்க்காததால் வரும் இன்னொரு தவறு: 2048 என்ற எண்ணைக் கண்டதும் கணினியின் 1024 நினைவுக்கு வந்து 'சரியாக 2 மெகாபிட்' என்று மாற்றிவிடுகிறார்கள். இந்த 2048, 32 இடம் பெருக்கல் 64 கிலோபிட். இங்கே கிலோ என்றால் 1,000-தான். லைன்காரர்கள் பேச்சுவாக்கில் '2 எம்பி' என்பது வேறு, கணக்கில் 2.048.

டி1-இலிருந்து இ1 முறைக்கு மாற்றுவதும் பிட் வீதங்களை வகுத்துவிடும் வேலை இல்லை. இ1-இன் 32 இடங்களில் ஒன்று ஒழுங்குக்கு, வழக்கமாக இன்னொன்று அழைப்புச் சைகைக்கு, குரலுக்கு 30. ஆகவே ஐந்து டி1-இன் 120 குரல்களும் நான்கு இ1-இல் கச்சிதமாக உட்காரும். குரலை எண்ணாக்கும் விதியும் இரண்டிலும் வேறு. அதை மாற்றும் பொறுப்பு அமெரிக்க விதியைப் பின்பற்றும் நாட்டுடையது என்று பன்னாட்டு ஏற்பாடு இருக்கிறது.

'பரிமாற்றம்' பற்றியும் ஒரு வார்த்தை. அது கொடுத்து வாங்குவது. ஒரு திசையில் அனுப்புவதற்கு அது தேவையில்லை. தரவு வீதம் என்றாலே போதும். பிட்டை மட்டும் சொல்லும் இடத்தில் பிட் வீதம். பிட்டுக்குத் தமிழ் தேடி நான் மெனக்கெட மாட்டேன், அது வழங்கி நிலைத்துவிட்டது.

அந்த மாணவியின் குறிப்பில் பேனாவால் திருத்திக் கொடுத்தேன்: 'டி1-இன் தரவு வீதத்தைவிட இ1-இன் தரவு வீதம் அதிகம்.' படித்துவிட்டு, "அப்போ சிக்னல் ஒண்ணாத்தான் போகும், இல்ல சார்?" என்றாள்.