டைம்லைன்: காலக்கோடு இருக்கக் காலவரிசை எதற்கு?

"காலவரிசையில் இந்த இரண்டு அசைவுகளும் ஒரே நேரத்தில் ஓடும்." அனிமேஷன் நிரலாக்கத்தைத் தமிழில் சொல்லித்தரும் காணொளி ஒன்றில் அண்மையில் கேட்டது. டைம்லைன் என்று வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'காலவரிசை' போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. வரிசை என்கிறார்கள், அதே மூச்சில் ஒரே நேரத்தில் என்கிறார்கள். புதிதாகக் கற்பவர் இதில் எதை நம்புவது? இங்கே காலக்கோடு என்பதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது சின்னம் தெளிந்து வர 0.6 நொடி, தலைப்பு கீழிருந்து எழும்ப 0.8 நொடி, பொத்தான் தோன்ற 0.4 நொடி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான வெறும் சிஎஸ்எஸ்ஸில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் தாமதத்தை நாமே கூட்டிப் போட வேண்டும்: 0, 0.6, 1.4. சின்னம் இன்னும் கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று வாடிக்கையாளர் சொல்லாமல் இருக்க மாட்டார். 0.6ஐ 1 ஆக்கினால் அதற்குப் பின்னால் உள்ள தாமதங்கள் எல்லாமே கெட்டுவிடும். ஜிசாப், அனிமே ஜேஎஸ் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில், அதாவது முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளில், இருக்கும் டைம்லைன் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. அசைவுகளை அதற்குள் போட்டால் போதும். அப்புறம் மொத்தத்தையும் ஒரே பொருளாக நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், இரண்டு மடங்கு வேகமாக்கலாம், நடுவில் எந்த நொடிக்கும் தாவலாம். ஒரு டைம்லைனுக்குள் இன்னொன்றையே செருகலாம்.

சொல்லின் பிறப்பு நீளமான கதை அல்ல. லைன் என்பது லத்தீனில் ஆளிநார் நூலைக் குறித்த சொல்லின் வழியே வந்தது. காலத்தைக் கோடாக வரையும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1765இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று வரைபடத்தில் சுமார் 2,000 பேரின் ஆயுள், ஆளுக்கொரு கோடாக வரையப்பட்டிருந்தது. கணினி அசைவூட்டத்துக்கு வந்தால், மேக்ரோமீடியா டைரக்டர் என்ற பழைய மென்பொருளில் இதற்கு 'ஸ்கோர்' என்று பெயர், இசைக்குறிப்பு எழுதும் தாளின் பெயர். வலைப்பக்க அசைவுகளுக்குப் பெயர்போன ஃபிளாஷ் மென்பொருள் அதை டைம்லைன் என்றது. ஜாக் டாயில் உருவாக்கிய ஜிசாப் ஃபிளாஷ் உலகத்தில் பிறந்தது என்பதால் அந்தப் பெயர் அதோடு ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது. ஃபிளாஷ் 2020 முடிவோடு கடை கட்டிவிட்டது, சொல் தங்கிவிட்டது.

சரி, காலவரிசையில் என்ன தவறு? பிரீஸ்ட்லியின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் பிறந்த ஆண்டுப்படி அடுக்கியிருந்தால் அது காலவரிசை. அதற்கு ஒரு பட்டியல் போதும், கோடே வேண்டாம். அவர் கோடு வரைந்ததால்தான் யாருடைய வாழ்நாள் யாருடைய வாழ்நாளோடு எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நூலக டைம்லைனின் உயிரும் இந்தப் படிதலில்தான் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று அசைவுகளில் தலைப்புக்கு "-=0.3" என்று கொடுத்தால், சின்னம் முடிவதற்கு 0.3 நொடி முன்பே தலைப்பு கிளம்பிவிடும். பொத்தானுக்கு "-=0.2" கொடுத்தால் அது 0.9ஆம் நொடியில் தொடங்கி 1.3இல் முடியும். வரிசையாக ஓடியிருந்தால் 1.8 நொடி பிடித்திருக்கும். அந்த அரை நொடி மிச்சம்தான் பக்கம் 'வழுக்கிக்கொண்டு' வருவது போலத் தோன்றக் காரணம். காலவரிசை என்று படித்துப் பழகியவர் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று எண்ணிக்கொண்டு, ஒன்றோடொன்று இழையாத, தபதபவென்று வந்து விழும் அசைவுகளையே எழுதிக்கொண்டிருப்பார்.

வரிசை நல்ல சொல்தான். புறநானூற்றில் கபிலர் அதைத் தகுதி என்ற பொருளில் ஆண்டிருக்கிறார், கல்யாண வீட்டில் அது சீர்வரிசை. ஆனால் இன்றைய காதுக்கு வரிசை என்றால் ஒன்றன்பின் ஒன்று. அந்தப் பொருளுக்கு நிரலாக்கத்தில் தனியாக ஒரு தேவையும் இருக்கிறது. உலாவிகளுக்கான வெப் அனிமேஷன்ஸ் தரநிலையின் இரண்டாம் நிலை வரைவில் குரூப் எஃபெக்ட், சீக்வன்ஸ் எஃபெக்ட் என இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலாவது, உள்ளே இருப்பதை எல்லாம் ஒன்றாகக் கிளப்பும். இரண்டாவது ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கிளப்பும். டைம்லைன் என்ற சொல்லோ அதே தரநிலையில் மூன்றாவது பொருளில், நேரத்தை வழங்கும் மூலம் என்ற பொருளில், வருகிறது. டைம்லைனுக்கு வரிசையைச் செலவழித்துவிட்டால் சீக்வன்ஸுக்கு எதைக் கொடுப்பது? 'தொடர்வரிசை', 'வரிசைமுறை' என்று சிலர் ஏற்கெனவே திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

காலவரிசைக்காரர்கள் சொல்லும் முதல் சமாதானம், சமூக வலைத்தளங்களில் அது நிலைத்துவிட்டது என்பது. ஃபேஸ்புக் 2011இல் டைம்லைனை அறிவித்தபோது அங்கே இருந்தது பதிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிய பக்கம். அதற்குக் காலவரிசை பொருந்தியது, மறுக்கவில்லை. அங்கே பொருந்தியதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒட்டுவதுதான் பிரச்சினை. இரண்டாவது சமாதானம், காலக்கோடு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்பது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் எழுதியவர்களுக்கு 'காலக்கோடு வரைக' என்ற வினா தெரியாமல் இருக்காது. அளவுகோல் வைத்து, கோடு கிழித்து, ஆண்டுகளைக் குறித்து மதிப்பெண் வாங்கிய சொல் அது. பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல் கையில் இருக்கும்போது பெரியவர்கள் ஏன் வேறொன்றைத் தேடுகிறார்கள் என்று விளங்கவில்லை.

தூய்மை பேசும் நண்பர்கள் வேறு பக்கத்திலிருந்து வருவார்கள். காலம் வடசொல், பொழுதுக்கோடு என்று வை என்பார்கள். தொல்காப்பியம் ஆண்ட சொல்லை 2 நொடி அசைவுக்காக நாடு கடத்த என்னால் ஆகாது. இன்னும் ஆழமாகப் போகிறவர்கள் கோடு என்பதே வளைவு, 'கோடாமை' என்று வள்ளுவர் சொல்லவில்லையா, நேராக ஓடும் காலத்துக்கு அது எப்படி என்று கேட்பார்கள். வளைந்தால் வளையட்டும். ஜிசாப்பில் பின்னோக்கியும் ஓடும், திரும்பத் திரும்பவும் ஓடும். அதற்கு அந்தப் பழைய பொருளும் ஒத்துத்தான் போகிறது.

2023இல் குரோம் உலாவியின் 115ஆம் பதிப்பு வந்த பிறகு வரிசைக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போயிற்று. சிஎஸ்எஸ்ஸில் ஓர் அசைவின் டைம்லைனாகப் பக்கத்தின் உருளலையே (ஸ்க்ரோல்) கொடுக்கலாம். வாசகர் பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ள அசைவு முன்னேறும், மேலே இழுத்தால் பின்வாங்கும். கடிகாரமே இல்லை. இங்கே 'உருளல் காலவரிசை' என்று எழுதிப் பாருங்கள், ஒன்றும் புரியாது. 'உருளல் கோடு' என்றால் உடனே பிடிபடுகிறது, ஏனென்றால் மிஞ்சியிருப்பது கோடும் அதில் நாம் நிற்கும் இடமும்தான்.

அந்த "-=0.3" போன்றவற்றுக்கு ஆங்கில ஆவணங்கள் வைத்திருக்கும் பெயர் பொசிஷன் பாராமீட்டர். தமிழில் 'நிலை அளவுரு' என்று எழுதுகிறார்கள். நிலை என்றால் திரையில் எங்கே என்றுதான் யாரும் நினைப்பார்கள், அதுவும் இடமும் அசைவுமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு துறையில்! நம் கச்சேரி மேடையில் இதற்குச் சொல் இருக்கிறது: எடுப்பு. தாளத்தின் எந்த இடத்தில் பாட்டைத் தொடங்குகிறோம் என்பது எடுப்பு. தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சம எடுப்பு, தாளம் தொடங்கிய பின் என்றால் அனாகதம், தாளத்துக்கு முன்பே என்றால் அதீதம். முந்தைய அசைவின் முடிவைத் தாளத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டால், எதுவும் கொடுக்காதது சமம், "+=0.5" அனாகதம், "-=0.5" அதீதம். டைரக்டரை உருவாக்கியவர்கள் இசைத்தாளின் பெயரை எடுத்தார்கள் என்றால் நாம் தாளத்தின் பெயரை எடுப்பதில் என்ன குறை?

இதையெல்லாம் யோசிக்க மொழிபெயர்ப்பாளருக்கு நேரம் கொடுப்பதில்லை என்பதும் உண்மைதான். சூழலே இல்லாமல் ஒற்றைச் சொற்களாக ஒரு விரிதாளில் அனுப்பி, சொல்லுக்கு இவ்வளவு பைசா என்று கூலி பேசினால் 'ஈஸ்' என்பது 'எளிமை' ஆகும், அசைவுகளைச் சிறு இடைவெளி விட்டுக் கிளப்பும் 'ஸ்டேகர்' தள்ளாட்டமாகும், ஓட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் 'பிளேஹெட்' விளையாட்டுத் தலையாகும். வேகம் ஏறி இறங்கும் விதம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஈஸுக்கு 'வேகப்போக்கு' என்று அவரே வந்திருப்பார். ஆனால் நேரமும் சூழலும் இருந்து, பொருளும் தெரிந்து, கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே காலவரிசையை எழுதுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. சொல் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

காலக்கோட்டைப் போட்டுப் பாருங்கள்: காலக்கோட்டை இடைநிறுத்து. காலக்கோட்டில் 2ஆம் நொடிக்குத் தாவு. இரண்டு அசைவுகளும் காலக்கோட்டின் ஒரே புள்ளியில் தொடங்கட்டும். தலைப்பின் எடுப்பு "-=0.3". சிறிய காலக்கோட்டைப் பெரியதற்குள் செருகு. காலக்கோட்டில் ஓடும் பிளேஹெட்டுக்கு, கடிகாரத்தில் இருப்பதால், முள் என்றே வைத்துக்கொள்ளலாம். முள் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பின்னோக்கி ஓட்டு.